ஓய்வுக்கு ஒரு வீடு

மத்திய தரைக்கடலைச் சூழ்ந்த நாடுகளின் நாட்டுப்புறங்களில் இன்று ஒரு புது வகைப் பயணி வந்திறங்குகிறார். பேராலயங்களைத் தரிசிக்கவோ ஓவியக்கூடங்களைச் சுற்றிப் பார்க்கவோ அவர் வரவில்லை. ஒலிவ மரங்களுக்கிடையே நிற்கும் பழைய கல்வீடொன்றில் ஒரு வாரம் தங்கி, அளவோடு உண்டு, நேரத்தோடு உறங்கி, மூச்சுப் பயிற்சியும் நடையும் மௌனமுமாக நாள்களைக் கழித்து, களைத்த உடலையும் உள்ளத்தையும் தேற்றிக்கொண்டு திரும்புவதே அவர் நோக்கம். அதற்கென மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். எந்த ஊர், உடன் வருவோர் யார், எத்தனை மணிக்கு எழுவது, எதை உண்பது, எப்போது பேசாதிருப்பது என ஒவ்வொன்றும் வரையறுக்கப்படுகிறது.

இது நம் காலத்து நாகரிகம் என்று நினைப்போர் உண்டு. ஆனால் அதே மண்ணில், அதே ஒலிவ நிழலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாந்தர் இப்படித் திட்டமிட்டு ஒதுங்கியிருக்கின்றனர். அவர்களுள் செல்வர் உண்டு, மெய்யறிவாளர் உண்டு, புனிதரும் உண்டு. அவர்களது வரலாற்றைப் புரட்டும்போது இரண்டு வினாக்கள் நம்மைத் தொடர்ந்து வருகின்றன. ஒருவர் ஓய்ந்திருக்கும்போது அவருக்காக உழைப்பவர் யார்? ஓய்ந்து எழுந்தவர் யாரை நோக்கித் திரும்புகிறார்? ஒதுங்கியிருந்த நாள்கள் பயன்பட்டனவா, பாழாயினவா என்பதை இவ்விரு வினாக்களே முடிவு செய்கின்றன.

உரோமையரின் நாட்டுப்புற மாளிகைகள்

ஓய்வுக்கு இலத்தீன் மொழியில் ‘ஓட்டியும்’ என்று பெயர். அலுவலுக்கு ‘நெகோட்டியும்’ என்று பெயர், அதாவது, ஓய்வின்மை. ஓய்வையே இயல்பு நிலையாகவும், அலுவலை அதன் இன்மையாகவும் கருதியது அம்மொழி. ஆகவே வசதி படைத்த உரோமையர் ஒவ்வொருவரும் நகரத்து வீட்டோடு நாட்டுப்புறத்திலும் ஒரு மாளிகை வைத்துக்கொள்ள விரும்பினர்.

இளைய பிளினி என்னும் அறிஞர், உரோமையிலிருந்து 17 மைல் தொலைவில் கடற்கரையை ஒட்டியிருந்த தம் மாளிகையை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வருணிக்கிறார். நகரத்தில் அன்றைய அலுவல்களை முடித்துக்கொண்டே அங்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவருக்குப் பெருமை. குளிர்காலத்து வெயிலை ஏந்திக்கொள்ளும் அறைகள், தரைக்கடியில் சூடேற்றப்பட்ட கூடம், நீந்திக்கொண்டே கடலைப் பார்க்கக்கூடிய வெந்நீர்க் குளம், ரோஸ்மேரிச் செடி வேலியிட்ட நடைபாதை, அத்தியும் முசுக்கொட்டையும் நிறைந்த தோட்டம் என அவர் அடுக்கிச் செல்கிறார். இன்றைய ஓய்வு இல்லம் ஒன்றின் விளம்பர ஏடு இதைவிடக் கூடுதலாக எதுவும் சொல்லிவிட முடியாது.

அக்கடிதத்தில் ஓர் இடம் நம் கவனத்துக்குரியது. சத்தூர்னாலியா என்பது அடிமைகளுக்கும் சற்றுக் கட்டவிழ்க்கப்படும் டிசம்பர் மாதத் திருவிழா. வீடு முழுவதும் அவ்விழாவின் கூச்சலால் அதிரும் வேளையில், தாம் ஒரு தனியறைத் தொகுதிக்குள் போய்விடுவதாகப் பிளினி எழுதுகிறார். அவர்களது களிப்புக்கு அவர் தடையில்லை. அவரது படிப்புக்கு அவர்களும் தடையில்லை. பண்பான ஏற்பாடுதான். எனினும், நீரைச் சூடேற்றியவரும் வேலியைக் கத்தரித்தவரும் அடுப்பை மூட்டியவரும் யாரென்று அந்த ஒரு வரியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவரின் அமைதிக்குப் பின்னால் பலரின் அடிமைத்தனம் நின்றது.

பிளினிக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த செனேக்கா இவ்வோய்வு இல்லங்களைக் கூர்ந்து நோக்கியவர். நேப்பிள்ஸ் வளைகுடாவில் கந்தக வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாயே என்னும் ஊர் அந்நாளில் செல்வர்களின் களியாட்டக் களம். அங்குச் சென்ற செனேக்கா மறுநாளே புறப்பட்டுவிட்டார். பிறிதொரு நாள் அப்பகுதியில் பல்லக்கில் சென்றபோது, வாத்தியா என்னும் பெருஞ்செல்வரின் மாளிகையைக் கடந்தார். பொதுவாழ்வின் தொல்லைகள் எவையும் அண்டாதபடி அங்கேயே முதுமையெய்தியவர் வாத்தியா. வாழத் தெரிந்தவர் அவர் ஒருவரே என ஊரார் வியந்தனராம். செனேக்காவோ, அவருக்கு ஒளியத் தெரிந்திருந்தது, வாழத் தெரியவில்லை என்று தீர்ப்பளித்தார். வாத்தியா உயிரோடிருந்த காலத்திலேயே, அவ்வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கல்லறையைக் கடப்பதுபோல அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுவது வழக்கம்.

அதே செனேக்கா, கார்த்தேஜை வென்ற சிப்பியோவின் பழைய இல்லத்தில் தங்கியபோது அங்கிருந்த குளியலறையைக் கண்டு நெகிழ்ந்தார். அது குறுகியது, இருண்டது, சுவரில் கீறல்கள்போன்ற சாளரங்களை உடையது. பெரும்படையை நடத்திய தளபதி தம் கையாலேயே நிலத்தைப் பண்படுத்தி, வயலில் களைத்த உடலை அங்கே கழுவிக்கொண்டார். பளிங்கு இல்லை, உழைப்பின் வியர்வை இருந்தது. பிளினியின் கடிதம் சொல்லாமல் விட்டதைச் செனேக்காவின் கடிதம் சொல்லிவிடுகிறது. உழைத்த உடலுக்கே ஓய்வு இனிக்கும்.

கலைந்துபோன ஒரு திட்டம்

இந்த மரபில் வந்தவரே புனித அகுஸ்தினார். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் கி.பி. 354இல் பிறந்து, 384இல் மிலான் நகரின் சொற்கலைப் பேராசிரியராக உயர்ந்தவர். திருமுழுக்குப் பெறுவதற்கு முன்பே அவரும் நண்பர்களும் ஓர் ஓய்வு வாழ்வைத் திட்டமிட்டதை அவரே தம் ‘அறிக்கைகள்’ நூலில் விவரிக்கிறார்.

ஏறத்தாழப் பத்துப் பேர் சேர்ந்து, நகரத்தின் இரைச்சலை விட்டு விலகி, ஒரே குடும்பம்போல் வாழ்வதென்று முடிவு செய்தனர். எல்லாருடைய உடைமையும் பொதுவாகும். ஆண்டுதோறும் இருவர் பொறுப்பேற்று வீட்டுத் தேவைகளைக் கவனிப்பர். ஏனையோர் கவலையின்றி உண்மையைத் தேடலாம். குழுவில் ஒருவர் பெருஞ்செல்வர். ஆகவே பணமும் தடையில்லை. பார்க்கப்போனால் குறையொன்றும் இல்லாத திட்டம்! ஆனால் மனைவியர் இதற்கு இசைவார்களா என்ற பேச்சு எழுந்ததும் அது கைக்குள்ளேயே நொறுங்கிப்போயிற்று. சிலருக்கு மனைவியர் இருந்தனர். சிலர் மணமுடிக்கக் காத்திருந்தனர். எல்லாவற்றையும் எண்ணியவர்கள் தம் வீட்டாரை எண்ணவில்லை. அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு இடமே வகுக்கப்படவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்; அடுத்து நிகழ்ந்ததன் சிறப்பு அதனால்தான் விளங்கும்.

கசிசியாக்கும் நாள்கள்

386ஆம் ஆண்டுக் கோடையில் அகுஸ்தினார் மனந்திரும்பினார். அதே வேளையில் அவரது உடலும் தளர்ந்திருந்தது. இடைவிடாது பேசும் தொழிலால் நெஞ்சு வலித்தது, மூச்சு வாங்கியது, குரல் எழும்பவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் சுமார் இருபது நாள்களே இருந்தன. ஆரவாரத்தோடு பதவியைத் துறக்காமல் அந்நாள்களைப் பொறுத்திருந்து கழித்துவிட்டு, அதன்பின் மிலானை விட்டுப் புறப்பட்டார்.

வெரேக்குந்துஸ் என்னும் இலக்கண ஆசிரியர், கசிசியாக்கும் என்ற இடத்திலிருந்த தம் பண்ணைவீட்டை அவருக்குக் கொடுத்து உதவினார். அவ்விடம் மிலானுக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரச் சரிவுகளில் இருந்ததாகக் கருதப்படுகிறது. வெரேக்குந்துஸின் மனைவி கிறிஸ்தவர்; அவரோ அப்போது கிறிஸ்தவர் அல்லர். நண்பர்களோடு சேர்ந்து வர அவருக்கு இயலவில்லை. ஆயினும் வீட்டைத் திறந்துவிட்டார். பின்னர் நோயுற்றபோது அவரும் திருமுழுக்குப் பெற்று இறந்தார். அந்தப் பண்ணைவீட்டுக்கு ஈடாக, என்றும் பசுமை மாறாத விண்ணகத்தை அவருக்குத் தருமாறு அகுஸ்தினார் இறைவனை வேண்டிக்கொள்கிறார். விருந்தோம்பியவருக்கு விருந்தினர் செலுத்திய நன்றிக்கடன் அது.

அங்குச் சென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். தாய் மோனிக்கா, அண்ணன் தம்பியர் உறவில் நவிஜியுஸ், ஏறத்தாழப் பதினைந்து வயது மகன் அதியோதாத்துஸ், உற்ற நண்பர் அலிப்பியுஸ், லிச்சென்சியுஸ், திரிஜேசியுஸ் என்னும் இரு மாணவர்கள், பள்ளிக்கூடமே கண்டிராத இரண்டு உறவினர்கள். முந்திய திட்டத்தில் இருந்தவர்கள் கற்றறிந்தோர்; இங்கே வந்தவர்கள் ஒரு குடும்பம்.

நாள்கள் எப்படிக் கழிந்தன என்பது அங்கு எழுந்த உரையாடல் நூல்களிலிருந்து தெரிகிறது. பருவம் கோரிய பண்ணைப் பணிகளைக் கவனித்தனர். மாலையுணவுக்கு முன் நாள்தோறும் வெர்ஜிலின் காவியத்தில் அரைப் பகுதியைப் படித்தனர். வானம் தெளிந்திருந்தால் புல்வெளியில் மரத்தடியில் அமர்ந்தும், மழையாயின் குளியற்கூடத்துக்குள் அமர்ந்தும் உரையாடினர். சுருக்கெழுத்தர் ஒருவர் அவற்றைக் குறித்துக்கொண்டார்.

ஓரிரவு அகுஸ்தினார் உறக்கம் வராது படுத்திருந்தார். குளியற்கூடத்தின் பின்புறம் ஓடிய நீரின் ஒலி சில வேளை உரத்தும் சில வேளை தணிந்தும் கேட்டது. காரணம் என்னவென்று அவர் சிந்தித்திருக்க, எலியை விரட்டக் கட்டிலைத் தட்டிய மாணவன் லிச்சென்சியுஸ் தானும் விழித்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டான். இலையுதிர் காலமாதலால் இலைகள் விழுந்து குறுகிய வாய்க்காலை அடைக்கின்றன. நீர் திரண்டு அவற்றைத் தள்ளுகிறது. மீண்டும் இலைகள் சேர்கின்றன என்று விளக்கினான் அவன். அந்த இருளிலேயே, உலகில் எதுவும் ஒழுங்குக்குப் புறம்பாக நிகழ்வதில்லையா, அப்படியாயின் தீமை எங்கிருந்து வந்தது என்ற பெரிய ஆய்வு தொடங்கிற்று. ‘ஒழுங்கு பற்றி’ என்ற நூல் பிறந்தது இவ்வாறுதான்.

நவம்பர் 13 அகுஸ்தினாரின் பிறந்தநாள். அறிவு மந்தப்படாத அளவுக்கு எளிய உணவருந்தியபின் எல்லாரையும் கூட்டி, பேரின்ப வாழ்வு எது என்று கேட்டார். விரும்பியதை அடைந்தவன் இன்பமுடையவனா என்ற வினாவுக்கு மோனிக்காவே விடை கூறினார். நல்லதை விரும்பி அதை அடைந்தால் அவன் பேறுபெற்றவன். தீயதை விரும்பினால், அடைந்தாலும் அவன் இரங்கத்தக்கவன். மெய்யறிவின் கோட்டையையே அம்மா கைப்பற்றிவிட்டார் என்று மகன் வியந்தார். பிறிதொரு நாள், இத்தகைய ஆய்வுகளில் பெண்களைச் சேர்ப்பதுண்டா என்று மோனிக்காவே தயங்கியபோது, பண்டைக் காலத்தில் பெண்களும் மெய்யியல் பயின்றதைச் சுட்டிக்காட்டி மகன் அவரைத் தேற்றினார். யாருக்கு இடமில்லாததால் முன்பு திட்டம் கலைந்ததோ, அவரே இங்கு ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார்.

இதற்கிடையே வேதனையும் இருந்தது. அகுஸ்தினாருக்குப் பேச முடியாத அளவுக்குக் கடுமையான பல்வலி. தமக்காகச் செபிக்குமாறு மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டினார். எல்லாரும் முழந்தாளிட்டதும் வலி நீங்கியது என்று எழுதுகிறார். நெஞ்சுநோய்க்காக வந்தவருக்கு அவ்விடம் அளித்த மருந்து, தனிமையைவிட, தமக்காக முழந்தாளிட்ட மனிதர்களே.

387ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவர்கள் மிலானுக்குத் திரும்பினர். அவ்வாண்டுப் பாஸ்கா திருவிழிப்பில் அகுஸ்தினாரும் அலிப்பியுஸும் அதியோதாத்துஸும் ஆயர் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் மோனிக்கா ஒஸ்தியாவில் இறந்தார். சில ஆண்டுகளில் மகனும் மறைந்தான். ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார் தகாஸ்தேயில் மீண்டுமோர் அமைதி வாழ்வைத் தொடங்கினார். ஆனால் 391இல் ஹிப்போவுக்குச் சென்றபோது மக்கள் அவரைப் பிடித்து நிறுத்திக் குருவாக்கிவிட்டனர். அதன்பின் அவருக்கு ஓய்வு ஏது? வழக்குத் தீர்ப்பதும், ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவதும், மறையுரை ஆற்றுவதுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. கப்ராரியா தீவின் துறவியருக்கு அவர் எழுதிய கடிதத்தில், திருச்சபைக்கு உங்கள் உதவி தேவைப்படும்போது உங்கள் ஓய்வை அதற்கு மேலாக வைக்காதீர்கள் என்று அறிவுறுத்துகிறார். ஓய்வின் சுவையை அறிந்தவரே அதை விட்டுக்கொடுக்கவும் சொன்னார்.

நீரோவின் ஏரியும் ஒரு குகையும்

நம் முதல் வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. கசிசியாக்கும் பண்ணையில் உழைத்தவர்களைப்பற்றி அவ்வுரையாடல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அதற்கு விடை மற்றோரிடத்திலிருந்து வந்தது.

உரோமைக்குக் கிழக்கே அனியேனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பேரரசன் நீரோ அணைகள் கட்டி ஏரிகளை உண்டாக்கி, அவற்றின் கரையில் ஓர் ஓய்வு மாளிகை எழுப்பினான். ஏரிகளின் கீழ் இருந்ததால் அவ்விடத்துக்குச் சுபியாக்கோ என்னும் பெயர் வந்தது. கி.பி. 60இல் அங்கே விருந்துண்ணும்போது மேசைமீது இடி விழுந்ததாகத் தாசித்துஸ் எழுதுகிறார். சுமார் 500ஆம் ஆண்டில், மாளிகை பாழடைந்து கிடந்த அதே பள்ளத்தாக்கின் பாறைக் குகையொன்றில் நூர்சியா ஊர் இளைஞர் ஒருவர் வந்து ஒதுங்கினார். அவரே புனித ஆசீர்வாதப்பர்.

மூன்று ஆண்டுகள் அவர் அங்கே தனித்திருந்தார். மணி கட்டிய கயிற்றில் ஒரு துறவி இறக்கிய ரொட்டியே உணவு. ஒரு நாள் ஒரு குரு உணவோடு தேடி வந்து, இன்று பாஸ்கா என்றார். காலக் கணக்கையே மறந்திருந்த ஆசீர்வாதப்பர், உம்மைக் காணும் பேறு கிடைத்ததால் எனக்கு இன்று பாஸ்காதான் என்று மறுமொழி கூறியதாகப் புனித பெரிய கிரகோரியார் வரைகிறார். ஒதுங்கியிருந்தவருக்கு உயிர்ப்பு விழா ஒரு விருந்தினரின் உருவில் வந்தது.

பின்னர் மோந்தே கசீனோவில் அவர் இயற்றிய ஒழுங்கு நூல் ஓய்வு பற்றிய உரோமைய எண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. செபத்துக்கும் படிப்புக்கும் உறக்கத்துக்கும் நேரம் வகுத்த அந்நூல், கையுழைப்புக்கும் நேரம் வகுத்தது. சமையலறைப் பணியைத் துறவியர் வாரமுறைப்படி தாங்களே செய்ய வேண்டும். நோயாளிகளுக்குத் தேவையான போதெல்லாம் குளியல் வசதி தரப்பட வேண்டும். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு வரவேற்க வேண்டும், ஏனெனில் செல்வருக்குரிய மதிப்பை உலகம் தானாகவே தந்துவிடும். அமைதியை நாடுகிறவரே அடுப்பையும் மூட்ட வேண்டும் என்ற இந்த ஒரு விதியால், பிளினியின் மாளிகையைத் தாங்கிய தூண் சரிந்தது.

கல்வீடுகளின் கதை

இனி நம் காலத்துக்கு வருவோம். தொஸ்கானா, உம்பிரியா குன்றுகளில் இன்று ஓய்வு இல்லங்களாக விளங்கும் கல்வீடுகள் பல, ஒரு காலத்தில் வாரக் குடியானவர்களின் வீடுகள். ‘மெட்சாத்ரியா’ எனப்பட்ட முறைப்படி நிலம் பண்ணையாருடையது. உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கீழ்த்தளத்தில் கால்நடைகள், மேல்தளத்தில் பெரிய கூட்டுக் குடும்பம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இளைஞர் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குப் போயினர். இத்தகைய புதிய ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குன்றுகளில் வீடுகள் வெறுமையாயின. கறையான் தின்ற உத்திரங்களை மாற்றி, தொழுவத்தை உணவுக்கூடமாக்கி, நகரத்தார் அவற்றை ஓய்வுக்குத் திறந்தனர்.

இத்தாலிய அரசு 1985இல் இயற்றிய வேளாண் சுற்றுலாச் சட்டம் இங்கே கருதத்தக்கது. விருந்தினரை ஏற்கும் பண்ணையில் வேளாண்மையே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும்; விருந்தோம்பல் அதற்குத் துணையாகவே இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. நிலத்தில் உழைப்பவர் நிலத்திலேயே தங்க வழி செய்வது அதன் நோக்கம். அத்தகைய இடத்தைத் தெரிந்துகொள்பவர், தம் தட்டிலுள்ள ஒலிவ எண்ணெய் யாருடைய கையால் பிழியப்பட்டது என்று அறிந்தே உண்கிறார்.

நம் சிந்தனைக்கு

ஓய்வைத் திட்டமிடுவது தவறன்று. உடலும் உள்ளமும் இறைவன் தந்த கொடைகள். இடம், உணவு, நேரம் ஆகியவற்றை எண்ணுவோர் வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்க்கட்டும். வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம்? நமக்காகத் துணி வெளுத்து, படுக்கை விரிப்பவருக்கு உரிய ஊதியமும் ஓய்வும் உண்டா? நாமும் ஒரு வேளை பாத்திரம் கழுவலாமா? நோயுற்றவரோ, பள்ளி காணாதவரோ, பேசத் தயங்கும் முதியவளோ நம் வட்டத்தில் அமர இடமுண்டா? திரும்பி வரும்போது யாருக்கு நாம் இன்னும் சற்றுப் பொறுமையுள்ளவராய் வருவோம்?

மாற்கு நற்செய்தி ஆறாம் பிரிவில் நம் ஆண்டவரே ஓர் ஓய்வைத் திட்டமிடுகிறார். உண்ணவும் நேரமின்றி உழைத்த திருத்தூதர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்குமாறு அழைக்கிறார். படகில் ஏறிப் போகிறார்கள். ஆனால் மக்கள் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்குச் சேர்ந்துவிடுகிறார்கள். கரையில் இறங்கிய இயேசு, திட்டம் கெட்டதே என்று சினக்கவில்லை. ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மீது மனமிரங்கிப் போதிக்கத் தொடங்குகிறார். பொழுது சாய்ந்ததும் அந்தத் தனிமையான இடத்திலேயே பசும்புல் தரையில் ஐயாயிரம் ஆண்களை அமர்த்தி உணவளிக்கிறார். ஓய்வெடுக்க வந்த சீடர்களே பந்தி பரிமாறுகிறார்கள். எல்லாரும் வயிறார உண்டபின், எஞ்சிய துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் எடுத்தார்கள்.